அடிப்பிடிச்ச பொங்கல்

இந்தா, கதை கேக்குறதுன்னா வாய மூடிக்கிட்டு கேக்கணும். நடுவுல ‘பெறவு, பெறவு’ன்னு நச்சரிச்சா நான் பாட்டுக்கு எந்திச்சுப் போயிருவேன், சொல்லிட்டேன்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, உங்க பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கும் முன்ன, வல்லாங்கரைன்னு ஒரு ஊரு. ஊருக்கு மேக்க பெரிய குளம். குளத்தங்கரையில பேச்சியம்மன் கோயில். அந்த ஊர்ல வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். சாமி சாமின்னு உசுர விடுவாளாம். தும்முனா பேச்சி, இருமுனா பேச்சி, கால்ல முள்ளு குத்துனாலும் பேச்சி. ‘அம்மனுக்கே இவளக் கண்டா சலிப்புத் தட்டியிருக்கும்’னு ஊர்ல கேலி பேசுவாங்களாம்.

அவளுக்கு ஒரே ஒரு பேத்தி, ஆவுடைன்னு பேரு. பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா. அப்பன்காரன் வேற கல்யாணம் கட்டிக்கிட்டு வடக்க போயிட்டான். ஆச்சிதான் ஆட்டுப்பால் ஊத்தி வளத்தா. எல்லாம் சரி, அஞ்சு வயசாகியும் புள்ளைக்குப் பேச்சு வரல. நாக்குல வசம்பு தேச்சுப் பாத்தா. கோயில் மணியக் கழுவுன தண்ணியக் குடுத்துப் பாத்தா. ம்ஹூம்.

கடைசியா பேச்சி முன்னால போயி விழுந்தாளாம். “தாயே, எம் பேத்திக்குப் பேச்சக் குடு. பதிலுக்கு எம் பேச்ச எடுத்துக்க!”

பூசாரி ஊய்க்காட்டான் பதறிட்டாராம். “கூறுகெட்டவளே, முழுசா எழுதிக் குடுத்திராத! நீ பேசலேன்னா அந்தப் புள்ளைகிட்ட யாரு பேசுவா? வெள்ளிக்கெழம மட்டும்னு சொல்லு.”

“சரி தாயே, வெள்ளிக்கெழம மட்டும். பொழுது விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தேன்னா நீ குடுத்தத நீயே எடுத்துக்க.” அப்படீன்னு சத்தியம் பண்ணிட்டா.

எட்டாம் நாளு. பூசாரி தேங்கா உடைக்கப் போனாராம். தேங்கா கை நழுவி வாசல் வரைக்கும் உருண்டு ஓடிருச்சு. புள்ள அவர ஏற எறங்கப் பாத்துச்சாம். “மூதி”ன்னுச்சாம்.

மொத வார்த்தையே அதுதான்! ஆச்சி நித்தம் தன்ன அப்படித்தான கூப்பிடுதா, வேற என்னத்தச் சொல்லும் அது? வெள்ளத்தாயி அழுதா, சிரிச்சா, ஏச்சு வாங்குன பூசாரி கால்லயே விழுந்து கும்பிட்டா.

அதுக்குப் பெறவுதான் புடிச்சுது வென. தொறந்த வாய அந்தப் புள்ள மூடலியே! “ஆச்சி, காக்காக்கு ஏன் பல்லு இல்ல? ஆச்சி, பேச்சியம்மன் எப்ப குளிப்பா? ஆச்சி, நீ செத்துப்போனா உன் காதுப் பாம்படம் எனக்கா?” அஞ்சு வருசமாச் சேத்து வச்ச பேச்சு எல்லாம் அவுத்துவிட்ட நெல்லு மூட்டையாட்டம் கொட்டுச்சாம். பதில் சொல்லிச் சொல்லி வெள்ளத்தாயிக்கு நாக்கு வறண்டு போச்சு.

வெள்ளிக்கெழம வந்தா இன்னும் மோசம். ஆச்சி வாயத் தொறக்க மாட்டாள்னு அந்தக் குட்டிக்குத் தெரிஞ்சு போச்சு. தலைய ஆட்டுனாக்கூட பாக்கக் கூடாதுன்னு கண்ண இறுக்க மூடிக்கிடுமாம். “ஆச்சி, கருப்பட்டி எடுத்துக்கிடட்டா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணு. சொல்லலியே!” கருப்பட்டி போச்சு. “ஆச்சி, கன்னுக்குட்டிய அவுத்து விடட்டா? ஒண்ணு, ரெண்டு, மூணு!” கன்னுக்குட்டியும் போச்சு. இவ பல்ல நறநறன்னு கடிப்பா. வெளக்குமாத்தத் தரையில அடிப்பா. என்ன செய்ய? சனிக்கெழம விடிஞ்சா, அவ ஏசுற ஏச்சக் கேட்டுத்தான் ஊரே முழிக்குமாம்.

ஏலே, சிரிச்சது போதும். இனிமேதான் விசயமே இருக்கு.

அந்தக் குளத்து மடையக் காவல் காத்தவன் கொம்பையா. மடைன்னா தெரியும்லா? கரைக்கு அடியில ஆளு குனிஞ்சு போற அளவுக்கு ஒரு பொந்து. கரை மேல நின்னு பலகையத் தூக்குனா குளத்துத் தண்ணி அது வழியா சீறிக்கிட்டு வயலுக்குப் பாயும். மொத வயலு வெள்ளத்தாயி வயலு. வாய்க்காலச் சரி பண்ணிட்டு ‘தொற’ன்னு குரல் குடுப்பா, அவன் தொறப்பான். வெள்ளிக்கெழமயா இருந்தா கையத் தூக்கி வீசுவா, அவன் தொறப்பான். அதுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு.

ஒரு வெள்ளிக்கெழம காலையில புள்ள கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுச்சாம். “ஆச்சி, மடைக்குள்ள போயி கெளுத்தி மீனு புடிக்கட்டா? வேண்டாம்னா சொல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணு!” வெள்ளத்தாயி ஓடிப்போயி கையப் புடிக்கும் முன்ன, சிட்டாப் பறந்துட்டு.

‘எங்க போயிரும், பசிச்சா வரும்’னு எரிச்சலோட மம்பட்டியத் தூக்கிக்கிட்டு இவ வயலுக்குப் போனா. வாய்க்கால வெட்டிட்டு நிமிந்து பாத்தா, மடை வாயில ஒரு பாவாட நுனி தெரியுது! உள்ள குத்தவச்சு உக்காந்திருக்கு புள்ள. மேல கரையில கொம்பையா பலகையில கைய வச்சுட்டான். அவன் நின்ன எடத்துலருந்து பாத்தா புள்ள தெரியாது.

இவ ரெண்டு கையையும் தூக்கி வீசுதா. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்! அவன் அங்கருந்து கத்துதான், “இந்தா தொறக்கேன் ஆச்சி! எதுக்கு இப்படிப் பறக்குத?”

வாயத் தொறந்தா புள்ளைக்கு வந்த பேச்சு போவும். தொறக்கலேன்னா புள்ளையே போவும். பலகை ஒரு சாண் மேல ஏறிருச்சு.

“ஏ மடையா! புள்ள உள்ள இருக்குல!”

பலகைய அப்படியே போட்டுட்டான். தொழிலச் சொல்லிக் கூப்பிட்டாளா, புத்தி இல்லேன்னு ஏசுனாளான்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தானாம் கொம்பையா.

புள்ள தொப்பலா நனைஞ்சு, கையில ஒரு கெளுத்தியோட தவழ்ந்து வந்துச்சு. இவ முதுகுல நாலு வச்சா. வச்சுட்டுக் கட்டிப் புடிச்சு அழுதா. “பேசுட்டி. ஏதாவது பேசு.” புள்ள பேசல. ஆச்சி மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அன்னிக்கும் பேசல. சனிக்கெழமயும் பேசல. கருப்பட்டியக் கையில குடுத்தா வாங்கிக்கிடுச்சு, பேசல. ‘வாய மூடு, வாய மூடு’ன்னு நூறு தடவ ஏசுனவ இப்ப அதுக்கு முன்னால உக்காந்து, “காக்காக்கு ஏன் பல்லு இல்லேன்னு கேளு தாயி, சொல்லுதேன்”னு கெஞ்சுனாளாம். கேட்ட ஊர்க்காரிங்க எல்லாம் முந்தானையால கண்ணத் தொடச்சாங்களாம்.

மூணாம் நாளு காலையில புள்ளையத் தரதரன்னு இழுத்துக்கிட்டு கோயிலுக்குப் போனா. சூடம் கொளுத்தல, கும்பிடல. இடுப்புல கைய வச்சு நின்னா.

“ஏட்டி பேச்சி! நீயெல்லாம் ஒரு தெய்வமா? பச்சப்புள்ளைய மடைக்குள்ள உக்கார வச்சிட்டு, என் வாயப் பூட்டி வேடிக்க பாத்தியே! ஆமா, வாயத் தொறந்தேன். ஆயிரம் தடவ தொறப்பேன். எடுக்குறதுன்னா எம் பேச்ச எடு! புள்ள பேச்ச எடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ஒன்ன நம்பிக் கெட்டேனே, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லியா?”

“ஆச்சி, அவள ஏசாத. அவ எடுக்கல.”

திரும்பிப் பாத்தா, பேசுனது ஆவுடை!

“நீ வெள்ளிக்கெழம பேசிட்டேல்லா. அவ கோவிச்சிக்கிட்டு உன் பேச்ச எடுத்துட்டா? அதான் உனக்குப் பதிலா நான் மூணு நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

“அடி மூதி! மூணு நாளா எஞ் சீவன் போச்சே! ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா?”

“சாடை காட்டுனா கொம்பையா மாமா மாதிரி நீயும் தப்பாப் புரிஞ்சுக்கிடுவ.”

வெள்ளத்தாயி தலையில அடிச்சிக்கிட்டா. அடிச்சிக்கிட்டே சிரிச்சா. அடுத்த வெள்ளிக்கெழம மறுபடியும் வாய மூடிட்டா. “இன்னும் எதுக்கு?”ன்னு பூசாரி கேட்டதுக்கு, “குடுத்த வாக்கு குடுத்ததுதான்”னு சனிக்கெழம பதில் சொன்னாளாம்.

வருசம் ஓடுச்சு. ஆவுடை வளந்து, கல்யாணம் முடிஞ்சு, ரெண்டு புள்ளைக்குத் தாயாயிட்டா. வெள்ளத்தாயி படுக்கையில விழுந்தா. ஒரு வெள்ளிக்கெழம உச்சிப் பொழுதுல உசுரு போச்சு. பேத்தி பக்கத்துலயே இருந்து, “ஒரு வார்த்த பேசு ஆச்சி”ன்னு கெஞ்சியிருக்கா. வெள்ளத்தாயி பேத்தி கையப் புடிச்சா, கண்ணால பாத்தா, வாயத் தொறக்கல.

அந்த வருசம் ஆடிக் கடைசி வெள்ளி, கோயில்ல பொங்கல் வச்சாங்க. பானை கொதிக்கையில ஆவுடை கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தா. இடுப்புல கைய வச்சு நின்னா.

“ஏட்டி பேச்சி! பொழுது அடையிற வரைக்கும் அவ உசுர நிறுத்தி வைக்க உன்னால முடியாமப் போச்சா? உனக்குச் சொன்ன வாக்குக்காக என்ன ஒரு வார்த்த ஏசாமப் போயிட்டாளே! இனிமே என்ன யாரு ஏசுவா?”

ஏசுனா, ஏசுனா, தொண்ட கட்டுற வரைக்கும் ஏசுனா. ஊரே நின்னு அழுதுச்சு. ஒருத்தரும் பானையப் பாக்கல. பொங்கல் அடிப்பிடிச்சுப் போச்சு. ஊய்க்காட்டான் மகன்தான் அப்ப பூசாரி. அவன் பானையக் கொட்டப் போகல. அந்தக் கருகுன சோத்தயே அள்ளி அம்மனுக்குப் படைச்சான், ஊருக்கும் குடுத்தான்.

அன்னிக்குப் புடிச்சு வல்லாங்கரையில அதுதான் மொற. அந்த வருசம் வீட்டுல ஆள எழந்தவங்க மொதல்ல வந்து அம்மன ஏசணும், பெறவுதான் பூசை. வெளியூர்க்காரங்க, “என்னய்யா, இந்த ஊருப் பொங்கல் தீஞ்ச வாடை அடிக்கு?”ன்னு மூக்கப் புடிப்பாங்களாம். பூசாரி பானையில அகப்பையப் போட்டுக் கிண்டிப் பாப்பாராம். அடிப்பிடிக்கலேன்னா எறக்க மாட்டாராம். கூட்டத்தப் பாத்து, “இன்னும் யாராவது ஏச வேண்டியது இருக்கா தாயி?”ன்னு கேட்டுக்கிட்டு நிப்பாராம்.