வராதே என்று சொல்லி வைத்த சோறு

இரவு பத்து மணி. அனலைதீவு. துறையிலிருந்து ஊருக்குள் போகிற மணல் பாதையில், பூவரசு நிற்கிற முச்சந்தி. அந்த இடத்தில் ஜெகதீஸ் கையில் சோற்றுப் பனையோலைக் கடகத்தோடு தனியாக நின்றான்…

இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். சோளகக் காற்று இப்படி அடிக்கும்போது படகு விடியும்வரை ஊர்காவற்துறையை விட்டு அசையாது. ஓட்டுகிறவன் நான் சொல்கிறேன், புறுபுறுத்துப் பயனில்லை. இந்தத் துறைக் கொட்டிலுக்குள் நெருங்கி உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்வேன். ஏன் என்று பிறகு தெரியும்.

"பேய்க்கதையோ நாகமுத்தண்ணை?" என்று படகுக்குக் காத்திருந்த அன்ரன் பல்லைக் காட்டினான்.

"ஓம். பயமெண்டால் காதைப் பொத்தும்."

ஜெகதீஸ் என் படகில் வேலை செய்கிறவன். அவனுடைய சித்தி பரிமளம், சித்தப்பா வல்லிபுரம். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பிரதாபன். பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் வந்தான். அவன் நாசமாய்ப் போக! இடைவழியில் ஏதோ ஒரு பனி நாட்டில் இறக்கி, பாஸ்போட்டைப் பறித்து, வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வாங்கி, பொடியனைப் பட்டாளத்துக்கு விற்றுவிட்டான். யார் யாரோடு சண்டை என்று அவனுக்கே சரியாகத் தெரியாது.

மண்ணைத் தோண்டி மேலே மரம் அடுக்கிய குழி. அதுதான் முகாம். உள்ளே பத்துப் பேர். எலி. முழங்கால் வரை சேறு. தகரப் பேணியில் கொழுப்பு உறைந்த இறைச்சி. போன்களை அதிகாரி வாங்கி வைத்திருப்பான். கிழமைக்கு ஒருமுறை, பத்து நிமிடம் கொடுப்பான். அந்தப் பத்து நிமிடத்தில் பிரதாபன் அம்மாவுக்குக் குரல் அனுப்புவான்.

"அம்மா, நான் சுகம். இண்டைக்கு என்ன கறி?"

பின்னால் தும்… தும்… என்று கேட்கும். கேட்டால், கதவு காற்றுக்கு அடிக்கிறது என்பான்! குழிக்கு ஏது கதவு?

பரிமளம் போனை வாயோடு வைத்துக் கறி சொல்வாள். நண்டு என்றால் எப்போது புளி விட்டாள், எப்போது முருங்கையிலை போட்டாள், எல்லாம் சொல்வாள். அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு தகரப் பேணி இறைச்சியைத் தின்பான்.

மாசி மாதம் குரல் நின்றது. ஒரு கிழமை, இரண்டு, ஐந்து… பரிமளம் அனுப்புவது எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றது. பங்குனியில் ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். "உங்கட பொடியன் முடிஞ்சுதாம். உடம்பு வராது." வைத்துவிட்டான்.

வல்லிபுரம் எட்டுச்செலவு செய்யவேண்டும் என்று நின்றார்.

"அதென்ன அண்ணை?" என்றான் அன்ரன். வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போகிறவன், தெரியாது.

செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது. பிறகு இரவில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைப்பது. அந்தக் குடும்பத்தில் பேரையும் சொல்லி அனுப்புவார்கள். தின்றுவிட்டுப் போ, இனி வீட்டுப் பக்கம் வராதே என்று. வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"உடம்பைக் கண்ணில காட்டுங்கோ, பிறகு படைக்கிறன்," என்றாள் பரிமளம். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் எட்டுச்செலவு செய்வினமோ?"

"சோறில்லாமல் அந்தரிச்சுத் திரியிறானடி என்ர பிள்ளை!" என்று வல்லிபுரம் கத்தினார். கத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எட்டு நாளும் அந்த வீட்டில் இதே சண்டைதான். கடைசியில் பரிமளம் எழும்பிப் போய்க் குசினியில் நண்டை உடைத்தாள்.

அந்தக் கடகத்தோடுதான் ஜெகதீஸ் சந்தியில் நின்றான். கீழே வைத்தான். பயத்தில் குரல் பெரிதாக வந்தது.

"தம்பி பிரதாபன்! இதைத் திண்டிட்டுப் போ. இனி உன்ர வீட்டுப் பக்கம் வராதை!"

திரும்பி நடந்தான். பத்தடி போயிருப்பான்…

சளக்.

மூன்று மாதமாக மழையில்லாத மணல் அது.

சளக்… சளக்…

ஈரச்சேற்று மணம் வந்தது. கூடவே இரும்பு எரிந்த மணம். பிறகு… கறுக். நண்டு ஓடு உடைபடுகிற சத்தம். நாயாக்கும் என்று நினைத்துக்கொண்டான். எந்த நாய் சேற்றுச் சப்பாத்தோடு வரும்? அவன் பார்க்கவில்லை. ஓடினான்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போது பரிமளத்தின் போன் 'டிங்' என்றது. பிரதாபனின் குரல்.

"அம்மா… நான் உயிரோடதான் இருக்கிறன். கால்ல காயம். ஆஸ்பத்திரியில கிடக்கிறன். இண்டைக்குத்தான் போன் தந்தவங்கள். வீட்டுக்கு விடுறாங்களாம். வாறன் அம்மா…"

வல்லிபுரம் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். குரல் முடியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம்.

"அம்மா… ஜெகதீசண்ணை கத்துறது கேக்குது. ஏன் என்னைப் போகச் சொல்லுறார்?… நண்டுக்கறி மணக்குது. அம்மா, நீங்களோ சமைச்சனீங்கள்?"

பிறகு, கறுக்… கறுக்… கடைசி இருபது விநாடியும் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலில் கிடந்த தமிழ்ப் பொடியன் ஒருவன் போன் எடுத்துச் சொன்னான். அதே இரவு, அதே நேரம், பிரதாபன் படுத்தபடியே போய்விட்டான். கால் காயம் சாகிற காயமில்லை. முகம் துடைக்கப் போனால் வாய்க்குள் நண்டு ஓடு. அங்கிருந்து கடலுக்கு இரண்டு நாள் ரயில் ஓடவேண்டும்.

பரிமளம் அதற்குப் பிறகு வல்லிபுரத்தோடு பேசவில்லை. இரவு பத்து மணிக்கு வாசல் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். "வா தம்பி. அம்மாதானே கூப்பிடுறன். உள்ளுக்கு வா."

விடியப் பார்த்தால் சப்பாத்துச் சேறு. பாதை நீளத்துக்கு வந்து, படலையில் நின்று, திரும்பியிருக்கும். ஒரு தடம்கூட உள்ளே இல்லை. வராதே என்று சொல்லித்தானே சோறு வைத்தார்கள்! அந்தச் சேற்றை அவள் சிரட்டையில் வழித்து எடுத்து வைக்கிறாள்.

"அப்ப பாவம்தானே அண்ணை அந்தப் பேய்," என்றான் அன்ரன். இப்போது பல்லைக் காட்டவில்லை. "ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லையே."

செய்யவில்லை. போன கிழமை வரை.

போன வெள்ளி, தடம் படலையில் திரும்பி இடப்பக்கம் போனது. மூன்றாம் வீடு ஜெகதீசுடையது. விறாந்தையில் சேறு. உள்ளே சேறு. அவன் படுத்திருந்த பாய் வரைக்கும் தடம். வெளியே போன தடம் இல்லை. காதுக்குக் கிட்ட யாரோ கேட்டுத்தான் அவன் விழித்தானாம்.

"அண்ணை… இண்டைக்கு என்ன கறி?"

அன்றிலிருந்து அவன் வீட்டில் படுப்பதில்லை. எங்கே நான் கிடக்கிறேனோ, அங்கே வந்து சுருண்டுவிடுவான். அந்தா, மூலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடப்பது யார் என்று நினைத்தீர்கள்?

எல்லோரும் திரும்பினார்கள். நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் நித்திரை இல்லை. சாக்கை விலக்கி எழும்பி உட்கார்ந்திருந்தான்.

"உன்ர வீட்டுக்கு வராதை எண்டுதான் நான் அவனுக்குச் சொன்னனான்," என்றான் ஜெகதீஸ். "என்ர வீட்டுக்கு வராதை எண்டு சொல்லேல்லை…"

இருட்டில் படகுத் துறைப் பக்கம் பார்த்தான்.

"இஞ்ச வராதை எண்டும் சொல்லேல்லை."