நாற்பதாவது இருக்கை

காபிக்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. ஏலக்காய் சற்றுத் தூக்கல். ஆனால் சூடாக இருக்கிறதே, அதுதான் முக்கியம்.

கர்னல் மித்கால் வீட்டில் எங்களுக்கு ஊற்றிய காபி ஆறிப்போனது. அவர் மகள் ஷுரூக்கைப் பெண் கேட்டு, பெரியவர்கள் பன்னிரண்டு பேரோடு போயிருந்தேன். சம்மதம் கிடைக்கும்வரை நம் ஆட்கள் கோப்பையைத் தொடமாட்டார்களே. கர்னல் சிரித்தார்.

"ஏம்பா வஸ்ஃபி, கிடங்குல திருகாணி எண்ணுறவனுக்கு என் பொண்ணு கேக்குதோ? காபியக் குடிச்சா குடிங்க. இல்லன்னா பூனைக்கு ஊத்தச் சொல்றேன்."

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது.

விமானப்படைக் கொள்முதல் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாற்பது இருக்கைகள் வாங்கியிருந்தார். ஆபத்தில் பிடியை இழுத்தால் விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கைகள். அவை பொருந்தும் விமானங்களை முந்தின வருடமே கழித்துக்கட்டியாயிற்று. தணிக்கை வருவதற்குள் எல்லாம் உபரியென்று ஏலத்தில் போய்விட வேண்டும் என்றார். அதற்கு மூன்று பேர் கையெழுத்து. 'வெடிமருந்து நீக்கப்பட்டது' என்பதன் கீழே இருப்பது என்னுடையது. முப்பத்தொன்பது இருக்கைகளில் என் கையாலேயே நீக்கினேன்.

நாற்பதாவதை அப்படியே, முடிதிருத்தும் அபூ ஷுக்ரிக்குக் கடை நாற்காலியாக மலிவாக முடித்துக்கொடுத்தேன். மஞ்சள் பிடியில் பாதுகாப்பு ஊசியைச் செருகியே வைத்தேன்; அது இருக்கும்வரை பிடி அசையாது. மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதல்லவா.

கர்னலுக்கு வியாழன்தோறும் அங்கேதான் சவரம். வேறு நாற்காலியில் உட்காரவே மாட்டார். "எந்திரிடா, அது நான் வாங்குனது!" என்று ஆளைக் கிளப்பிவிட்டு உட்காருவார்.

போன வியாழன் மதியம் நானும் கடைக்குப் போயிருந்தேன். அவர் முகத்தில் நுரை பூசியதும், அபூ ஷுக்ரியைக் காபி வாங்கிவர அனுப்பினேன். நல்ல மனிதர், நான்கு பிள்ளைகள். கர்னல் கண்ணை மூடியிருந்தபோது ஊசியை உருவிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"மாமா, கடைசியா ஒரு தடவ கேக்குறேன். ஷுரூக்கை எனக்குத் தருவீங்களா?"

"நீ இந்த நாற்காலியில பறந்து வந்து கேட்டாலும் கிடையாதுடா." சிரிப்பில் நுரை தெறித்தது. பிடியைப் பிடித்துப் பார்த்தார். "ஆமா, இது இப்பவும் வேலை செய்யுமா?"

"வாங்குனது நீங்க. நீங்கதான் சொல்லணும், மாமா."

இழுத்தார். அவர் வாங்கியவற்றில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

கூரை கான்கிரீட். இருக்கையை விற்கும் முன்பே அதைப் பார்த்துவைத்திருந்தேன். ஊசி இதோ, என் சட்டைப்பையில். உங்களுக்குத் தேவைப்படும்.

ஷுரூக் என்னிடம் இதுவரை இரண்டு முறை பேசியிருக்கிறாள். இரண்டும் சலாம்தான். ஆனால் அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரியும். நாற்பது நாள் துக்கம் முடிந்ததும் அவள் அண்ணனிடம் கேட்க வேண்டும். முன்னால் நடக்க மதிப்பான ஒருவர் வேண்டும். நீங்கள் வருவீர்களா ஐயா? அவர் சரியென்று சொல்லும்வரை காபியை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.