அர்த்தனாரி மாஸ்டரின் கடைசி விசில்

விசில்! நேற்று மாலை நம் பள்ளி மைதானத்தில் திடீரென்று எழுந்த அந்த ஒலியில் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். எதிர்ச்சரிவில் விறகுக்கட்டைப் போட்டுவிட்டுப் பொன்னாயி அம்மாள் ஓடி வந்தார்.

இந்தக் குண்டனி மலைநாட்டின் குன்றாத வேகமே! கோபம் அறியாத குணக்குன்றே! இன்று பணி ஓய்வு பெறும் டிரில் மாஸ்டர் அர்த்தனாரி அவர்களே!

வந்தவரெல்லாம் குளிர்காய்ச்சலுக்கு அஞ்சி இறங்கிப்போன இம்மலையில் தாங்கள் மட்டும் தங்கினீர்கள். சடுகுடு அணி அமைத்தீர்கள். பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்ப மறுத்த வீடுகளில் உட்கார்ந்து களி உண்டு, மிளகு பறித்துக் கொடுத்துச் சம்மதம் வாங்கினீர்கள்.

கால்களைப் பழக்குவோர் பலர். தாங்கள் மனங்களையும் பழக்கினீர்கள்! பொன்னாயி அம்மாளின் ஒரே மகன் செல்லமுத்து காற்றாய் ஓடுவான். அயலார் பார்த்தால் கால் மரத்து நின்றுவிடுவான். அவனை முதலில் ஆடுகளின் முன் ஓடவிட்டீர்கள்.

"ஏனுங்க மாஸ்டர், ஆடுகூடச் சிரிக்குதுங்க!"

"சிரிச்சாச் சிரிக்கட்டும். நீ ஓடு கண்ணு!"

பிறகு சந்தைக் கூட்டத்தின் முன் ஓடினான். பிறகு சேந்தமங்கலத்துப் பந்தயத்தில், ஊரே பார்க்க, முதலாவதாக வந்தான்.

அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுப்போர் நின்றிருந்தார்கள். யார் வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்டதும், பயம் தெளிந்த அந்தப் பிள்ளை அத்தனை பேர் நடுவில் முதல் ஆளாய்க் கை தூக்கினான். பர்மாவுக்குப் போனான். யுத்தம் முடிந்தது, மற்றவர்கள் திரும்பினார்கள். அவன் வரவில்லை, இறந்தான் என்ற செய்தியும் வரவில்லை.

அவன் புறப்பட்ட அன்று தாயிடம் சொன்னீர்கள்: "இனி அவன் திரும்பி வர்ற அன்னிக்குத்தான் விசில் ஊதுவேனுங்க." அன்று முதல் கைதட்டியே டிரில் நடத்தினீர்கள்.

இனி அவன் வரப்போவதில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டு, கடைசி வகுப்பிலாவது ஊதுங்கள் என்று நேற்று வற்புறுத்தினோம். விசிலை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தாங்கள் ஊதினீர்கள்.

நோயின்றி நெடுநாள் வாழ வாழ்த்துகிறோம். அந்த நாட்களைத் தாங்கள் எப்படிக் கழிப்பீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. மூச்சிரைக்க வந்து, வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அந்தத் தாய் தங்களிடம் கேட்டதையும், இதில் கையெழுத்திடும் ஆசிரியர்கள் நாங்கள் இங்கே எழுதிவைக்கிறோம்:

"விசில் கேட்டுச்சுங்களே வாத்தியாரே... எம்பையன் எங்கீங்க?"