நடிகரின் மனைவிக்கு நான் எழுதிய சாவுகள்

வெள்ளைச் சட்டையின் காலரை நுனியிலிருந்து நடுவை நோக்கித்தான் தேய்க்க வேண்டும். மாற்றித் தேய்த்தால் நுனியில் சுருக்கம் விழுந்துவிடும். சலவைக்கடையில் சேர்ந்த புதிதில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உடன் வேலை பார்க்கும் அக்கா. அன்று மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். அவருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரை அலைக்கழிக்காதீர்கள்.

நான் கதை எழுதுகிறவள். கடை வேலை வயிற்றுப்பாட்டுக்கு. ரசிகர்கள் தாங்களே எழுதித் தாங்களே படிக்கும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் பல வருடங்களாக அந்த நடிகரை வைத்து எழுதி வருகிறேன். என் கதைகளில் அவர் அதிர்ந்து பேச மாட்டார். கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவருக்கு ஒரு காதலி உண்டு. சாதாரண வேலை பார்ப்பவள், கொஞ்சம் என் சாயல். சிரிக்காதீர்கள், அங்கே எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சிக்கல் அவருடைய மனைவிதான். நிஜத்தில் அவருக்கு மனைவி உண்டு, பள்ளிக்கூடம் போகும் மகளும் உண்டு. கட்டிய மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியோடு பழகுகிறவராக அவரை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கென்று ஒரு தர்மம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கதையிலும் முதல் அத்தியாயத்திலேயே மனைவியைச் சாகடித்துவிடுவேன். ஒன்றில் லாரி மோதியது. ஒன்றில் குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டை பிளந்தது. ஒன்றில் நெருப்பு. ஒருபோதும் பெயரைப் போட்டதில்லை, 'அவள்' என்று மட்டும்தான். நெருப்பு அத்தியாயத்தை வாசகிகள் வாயாரப் பாராட்டினார்கள்.

ஒருநாள் கடைக்கு வந்த பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் யாரென்று தெரிந்தது. தளத்தில் நான் போட்டிருந்த படத்தில் கடையின் பெயர்ப் பலகையும் விழுந்திருந்ததாம். சண்டைக்கு வரவில்லை, வக்கீலையும் கூட்டி வரவில்லை. மகளுடைய வகுப்பில் பிள்ளைகள் என் கதையை உரக்கப் படித்துச் சிரித்ததைச் சொன்னார்.

"இப்பல்லாம் நான் தூங்குனா என் மூக்குக்கிட்ட விரல் வெச்சுப் பாக்குறா, மூச்சு வருதான்னு. நான் உயிரோட இருக்கேங்க. இன்னும் எத்தனை தடவ என்னைக் கொல்லுவீங்க?"

கதைதானே மேடம் என்றேன். பெயர் பெற்றவர்கள் என்றால் நாலு பேர் நாலு விதமாகக் கற்பனை செய்யத்தான் செய்வார்கள் என்றும் பதமாக எடுத்துச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குழந்தையின் விரல் என் மனதை உருக்கிவிட்டது. அந்த வாரமே எழுதினேன். கதையில் அதன் விரலில் மூச்சுப் படவில்லை. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்த அத்தியாயம்தான்.

அதைப் படித்துவிட்டுத்தான் மறுபடியும் வந்தார். பின்னறையில் தேய்த்துக்கொண்டிருந்தேன், நேராக உள்ளே வந்துவிட்டார். இந்த முறை கெஞ்சவில்லை. முழுக்கைச் சட்டையின் ஒரு கையை மேலே சுருட்டினார். முழங்கைக்கு மேல் நாலு விரல் ஊதாவாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் வட்டமாக ஒரு பழைய தழும்பு, சிகரெட்டால் சுட்டது.

"செடிக்குத் தண்ணி ஊத்துறவரா அவரு? நீங்க எழுதுற ஆளு எங்க இருக்காருன்னு சொல்லுங்க, அவர்கூட வாழத்தான் எனக்கும் ஆசை. நெஜமா இருக்குற ஆளைப் பத்தி நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். பொண்ணைக் கூட்டிட்டு வீட்டைவிட்டுக் கெளம்பிட்டேன்."

நான் கோபப்படவில்லை, சார். பார்த்துப் பார்த்து உருவாக்கிய ஒரு மனிதரை இந்தம்மா ஒரே நாளில் நாசமாக்கப் போகிறாரே என்றுதான் இருந்தது. சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். சுருட்டிய கையை இறக்கிவிட அவர் குனிந்தார். இஸ்திரிப் பெட்டி என் கையில்தான் இருந்தது. உச்சந்தலையில் ஓங்கி அடித்தேன். அவர் உடனே விழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அடுத்த அடியில் சரிந்தார். அப்புறமும் அடித்தேன், முடி கருகும் வாடை அறை முழுக்கப் பரவும்வரை. பிறகு மண்டியிட்டு மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. கதையில் குழந்தையின் விரல் நடுங்கியதாக எழுதியிருந்தேன். எனக்கு நடுங்கவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன் போலிருக்கிறது.

ரத்தம் தெறிக்காத சட்டைகளை மட்டும் மடித்துத் தனியே வைத்தேன். வாடிக்கையாளர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அக்கா சாப்பிட்டுத் திரும்பியவுடன் போலீசைக் கூப்பிடச் சொன்னதும் நான்தான்.

உங்களுக்கு முன்னால் விசாரித்த பெண் போலீஸ் ஒன்று சொன்னார். கடை வாசலில் நின்ற காரில் அந்தம்மாவின் மகள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தாளாம். அப்பா வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாராம். "இனி அந்தப் புள்ளையோட கதி என்னன்னு யோசிச்சியா?" என்று கேட்டார்.

யோசிக்காமல் இருப்பேனா? அவள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள், சார். அவர் குழந்தையைக் கை நீட்டி அடிக்க மாட்டார். நான் அவரை அப்படி எழுதவே இல்லை.