நாலுக்கு அஞ்சு

— வகுப்புலேருந்து பேரை எடுத்துட்டீங்களா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?

— என் பேரு, நான் கொடுத்தேன், நானே எடுத்துட்டேன். சட்டைப் பட்டன் தொங்குது, தச்சுக் கொடு. கேட்டுல காவலுக்கு நிக்கிறவன் பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?

— பேச்சை மாத்தாதீங்க. சட்டையைக் கொடுங்க, தச்சுக்கிட்டே கேக்குறேன். "டீச்சர், எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ்ல விகிதக் கணக்கு சொல்லிக் கொடுங்க, தேறினவங்களைக் கலவை அறையில போடுறோம்"னு உங்க கம்பெனியில சொன்னப்ப எனக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. பகல் வேலைங்க. ராத்திரியில மனுஷனாட்டம் தூங்கலாம்.

— பகல் தூக்கம் பழகிப்போச்சு, விடு.

— ஆள் குறைஞ்சா வகுப்பே கிடையாது, வெளியாளை எடுத்துக்குவோம்னு வேற சொல்லியிருக்காங்க. டீச்சர் புருஷனே வரலைன்னா என்னை என்ன நினைப்பாங்க?

— உன்னை ஒன்னும் நினைக்க மாட்டாங்க. எங்க கம்பெனி ஸ்டோர்காரர் உன் புகழைத்தான் பாடுறாரு. உன் சாயங்கால வகுப்புல படிக்கிறாராமே.

— ஆமா, முன் பெஞ்சு. கெட்டிக்காரர்.

— போன வாரம் எல்லாரும் வேலை முடிஞ்சு கிளம்புறப்ப, கேட்டுல நின்னு உன் கதை ஒன்னு சொன்னாரு. ரெண்டு டம்ளர் சோப்புக்கு மூணு டம்ளர் தண்ணி, சோப்பை நாலாக்கினா தண்ணி எவ்வளவுன்னு டீச்சர் யாரையோ கேட்டாங்களாம். அந்த ஆள், "அஞ்சு. அங்க ரெண்டு சேர்த்தா இங்கயும் ரெண்டு சேர்க்கணும், ஓரவஞ்சனை கூடாது"ன்னானாம். டீச்சர் அவனுக்கு சமரசம்னு பேர் வச்சிருக்காங்களாம்.

— ஐயோ.

— ஊசி குத்திடப் போகுது, பார்த்து.

— எங்க வீட்டுக்காரர்னு சொல்லலைங்க. சத்தியமா யாருக்கும் தெரியாது.

— தெரியாதுதான்.

— ரெண்டு ரெட்டிச்சா மூணும் ரெட்டிக்கும், ஆறுன்னு வரும்னு மனசுல பதியட்டுமேன்னு ஒரு உதாரணத்துக்கு...

— முதல் தடவை உதாரணம். அப்புறம் ஒவ்வொரு புது வகுப்புக்கும் நடிச்சே காட்டுறியாமே, மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு.

— நீங்க என்ன பண்ணீங்க அப்போ?

— சிரிச்சேன். எல்லாரையும் விடக் கொஞ்சம் சத்தமாவே.

— அடுப்பங்கரை வரைக்கும் ஆசையா வந்து, விகிதக் கணக்குல வர்ற "ஃபார் எவ்ரி"ன்னா என்னன்னு கேட்டீங்க. அங்க நீங்க சொன்ன பதிலைக் கொண்டு போய் நான்... மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலைங்க.

— இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நூலைக் கடி.

— இனிமே அந்தக் கதையை எடுக்க மாட்டேன். நீங்க போய்ப் பேரைத் திரும்பக் கொடுங்க. கடைசி வரிசையில உக்காந்துக்கோங்க, உங்களை ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.

— நான் ஒருத்தன் வந்து வகுப்பு நடந்துடாதும்மா.

— மத்தவங்கதான் இருக்காங்களே.

— கதை கேட்டன்னிக்கு அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. மறுநாள் ஒருத்தனுக்குக் கண்ணு தெரியல, ஒருத்தனுக்கு மாமியாருக்கு முடியல, இப்படிப் பேர் கொடுத்த எல்லாருமே எடுத்துட்டாங்க. கேட்டைத் தாண்டிப் போறப்ப, யாரும் பார்க்கலையேன்னு திரும்பிப் பார்த்துட்டு, ஒவ்வொருத்தனும் என் காதுகிட்ட வந்து ஒன்னையேதான் கேட்டான்: "அண்ணே, அது ஏன் அஞ்சு இல்ல?"