அறுபத்தெட்டு டிகிரி

2019 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி பன்னிரண்டு நிமிடம். காவல் நிலையத்தின் இந்த அறையில் துணை ஷெரிஃபாகிய நீங்களும் நானும் மட்டுமே இருக்கிறோம். என் பெயர் வெர்னா ஓஸ்ட்லி. வயது எழுபத்து மூன்று. தெற்கு டகோட்டாவில் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்தேன். குளிர்காலத்தை அரிசோனாவில், சால்ட் வாஷ் முகாமின் பதினேழாம் எண் மனையில், என் கணவர் டெல்மருடன், சக்கரங்கள் மேல் நிற்கும் வீடான எங்கள் டிரெய்லரில் கழிக்கிறேன். நீங்கள் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது. உங்கள் படிவத்தில் விவரத்துக்கு விட்டிருக்கும் இடம்தான் போதாது. ஆகவே நான் கொண்டுவந்த தாளிலேயே எழுதுகிறேன்.

எங்கள் டிரெய்லரின் எரிவாயு ஹீட்டருக்கு இருப்பது, சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட். சுவரில் ஒரு சிறு பெட்டி, அதன் பக்கவாட்டில் தள்ளுவதற்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். அது வியர்த்துக் கொட்டும்வரை அறையைச் சூடாக்கும். பிறகு பற்கள் தந்தியடிக்கும்வரை சும்மா இருக்கும். புதிய வகை ஒன்றை மாட்டித் தரும்படி மூன்று குளிர்காலங்களாக டெல்மரிடம் கேட்டு வந்தேன். "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அத எதுக்கு நோண்டணும்?" என்பார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு கேள்வியை மூன்று முறைக்கு மேல் கேட்பது முறையன்று.

ஆர்டித் கிம்பல் சென்ற நவம்பரில்தான் எங்களுக்கு அடுத்த, பதினெட்டாம் எண் மனைக்கு வந்தார். மினசோட்டாக்காரர், விதவை, வயது அறுபத்து நான்கு. அவருடைய டிரெய்லரில் தெர்மோஸ்டாட் அடியோடு செத்துப்போயிருந்ததால் ஹீட்டர் எரிவதே இல்லை. ஒரு சின்ன மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாயும் வியாழனும் முகாமின் கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மதிய உணவைச் சேர்ந்து உண்போம். பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆர்டித் ஆப்பிள் பை என்னும் இனிப்புப் பண்டம் கொண்டுவந்தார். முகாமில் எல்லோரும் என்னை டீச்சர் என்றே அழைப்பார்கள்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர ஒரு நாள் வாடகைக்கு விடுவீங்களா? என் ஹீட்டர் செத்துக் கிடக்கு. திருப்பித் தரும்போது நல்லாத் துடைச்சு, வயித்தையும் ரொப்பித் தர்றேன்."

முகாம் குழுத் தலைவர் ஹார்லன் சும்மா இருப்பவரல்லர். "பாத்து ஆர்டித், அது ரொம்பப் பழைய மாடல். உதிரி பாகமே கிடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. சர்க்கரை நோய்க்காக நான்கு ஆண்டுகளாக இனிப்பைத் தொடாதவர், அன்று இரண்டு துண்டு பை சாப்பிட்டார். அதைக் கவனித்தேன். பொறாமை சிறு பிள்ளைகளின் குணம். என் வகுப்பறையில் நான் அதை அனுமதித்ததில்லை.

மறுநாள் காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டார். நாற்பது மைல் ஓட்டிப் போய், ஃபாரன்ஹீட் எண்கள் ஒளிரும் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிவந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எரிவாயுவின் வாடை குளவிகளுக்குப் பிடிக்கும். கோடையில் டிரெய்லர்கள் சும்மா நிற்கும்போது அவை ஹீட்டரின் புகைக்குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். குழாய் அடைத்திருக்க ஹீட்டரை எரித்தால், வெளியே போக வேண்டிய நச்சுக்காற்று உள்ளே திரும்பும். அதனால் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆண்கள் டார்ச்சும் தூரிகையுமாக ஒவ்வொரு டிரெய்லராகச் சுத்தம் செய்வார்கள். ஒருவர் பட்டியலோடு கூடவே நடந்து டிக் போடுவார். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியல் என் பொறுப்பு. நான் டிக் போட்ட குழாயை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

ஆர்டித் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகே வந்தார். அவருடைய குழாயை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்வரை மண். ஹீட்டர் எரியாதபடியால் அவசரமில்லை என்று கருதி, பட்டியலில் அவருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதுவரை நான் செய்தது சரியே.

புதன்கிழமை, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டெல்மர் வாசலில் நின்று கேட்டார்.

"வெர்னா, ஆர்டித்தோட குழாய சுத்தம் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"நிச்சயமாத்தானே? எதுக்கும் நான் ஒரு தடவ பாத்துடறேனே."

"லிஸ்ட்ல டிக் இருக்கு, டெல்மர். என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அய்யோ, பைபிள்ல தப்பு இருந்தாலும் இருக்கும், உன் லிஸ்ட்ல இருக்காதும்மா."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்த நிமிடத்தில் பட்டியலில் டிக் இல்லை. பொய் சொன்னவளாக இருப்பதை நான் விரும்புவதில்லை. ஆகவே உடனே கூடத்துக்குப் போய், பலகையில் தொங்கிய பட்டியலில், பதினெட்டாம் எண்ணுக்கு நேராக நீல மையால் டிக் போட்டேன். அத்துடன் நான் சொன்னது உண்மையாயிற்று.

தெர்மோஸ்டாட்டில் இருப்பவை இரண்டே ஒயர்கள். இருபது நிமிட வேலை. அவருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. என் பாத்திரத் தொட்டிக்கு மேலுள்ள ஜன்னலிலிருந்து அவர்களுடைய ஜன்னல் தெரியும். ஆர்டித் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் எதற்கு டார்ச் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்ததும் டெல்மர் சொன்னார்: "இனி ராத்திரி பூரா அறுபத்தெட்டு டிகிரி. கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. எண்ணு மாறினதும் சின்னப் புள்ள மாதிரி கை தட்டுனா, பாரேன்."

சாப்பாடு ஆறுகிறது என்றேன். நாங்கள் வழக்கம்போல் வியர்த்தும் நடுங்கியும் உறங்கினோம்.

வியாழக்கிழமை மதிய உணவின்போது ஆர்டித் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சூடா, சுகமாத் தூங்கினேன் டீச்சர். தலைதான் கல்லு மாதிரி கனக்குது. போதாக்குறைக்கு அந்த நச்சுக்காத்து அலாரம் வேற விடியக்காலைல இருந்து கத்துது. டெல்மரக் கூப்பிட்டுக் காட்டட்டுமா?"

"அவரு எதுக்கு? பழசானா அது அப்படித்தான் கத்தும். பேட்டரியக் கழட்டி அலமாரில போட்டு வை."

"நீங்க சொன்னாச் சரிதான். நான் ஒரு பயந்தாங்கொள்ளி."

கைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நான் என்ன ஆவேன்?" என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். தலைவலிக்குத் தண்ணீர் நல்லது.

அன்றிரவு முகாமில் நீர்க்குழாய்கள் உறையுமளவு குளிர். வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு, தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போன டெல்மர், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்துத் திறந்தார். உள்ளே அறுபத்தெட்டு டிகிரி இருந்தது. ஆர்டித் படுக்கையில் இறந்திருந்தார்.

நச்சுக்காற்றுதான் காரணம் என்று தெரிந்ததும் ஹார்லன் நேரே பட்டியலைப் பார்க்கப் போனார். டிக் இருந்தது. குழாய் சுத்தம், ஆகவே குறை தெர்மோஸ்டாட்டில்தான் என்று முகாம் முடிவுகட்டியது. ஹீட்டரைப் பிரித்துப் பார்க்கும் நிபுணர் இந்த வாரக் கடைசியில்தான் வருவார் என்றீர்கள். அவர் மண்ணைக் காண்பார். டிக் போட்ட பிறகு குளவி கட்டியிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். என்மேல் சந்தேகப்பட ஒருவரும் இல்லை. எனவே நான் அச்சத்தால் இங்கு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று முழுவதும் டெல்மர் வீட்டிலேயே இருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர் நாற்காலியை அந்த ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஒயர மாத்திக் குடுத்துட்டேன் போல, வெர்னா. நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

"ரெண்டே ஒயர். எப்படி மாத்திக் குடுத்தாலும் யாரும் சாக மாட்டாங்க."

"உனக்குத் தெரியாது. நீ சும்மா இரு."

நாற்பத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கையில், தம் தாயார் இறந்தபோதும் அழாதவர் அழுதார். சனிக்கிழமை உங்களிடம் வந்து, தம்மைக் கைது செய்யும்படி கேட்டு எழுதிக் கொடுத்தார்; அன்றிலிருந்து உங்கள் காவலில் இருக்கிறார். நேற்று அதை எனக்குக் காட்டினீர்கள். ஐந்து பக்கங்கள். ஆர்டித்தின் பெயர் பதினான்கு இடங்களில் வருகிறது. என் பெயர் இல்லை. 'என் மனைவி' என்று ஒரே ஓர் இடத்தில், பட்டியலைப் பற்றிச் சொல்லும்போது, வருகிறேன். முடிவில், அவள் சாவைத் தம் கடைசி மூச்சுவரை சுமப்பதாக எழுதியிருக்கிறார்.

அதை இரண்டு முறை படித்தேன். நடையிலுள்ள பிழைகளை விட்டுவிடலாம். செய்தியிலுள்ள பிழையை விட முடியாது. அவர் சுமப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்தப் பெண்மணியோடு அவருக்கு இருந்தது இருபது நிமிட வேலை. அதற்கு மேல் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது.

ஆர்டித் கிம்பலைக் கொன்றவள் நான். குழாய் அடைத்திருந்தது எனக்குத் தெரியும். ஹீட்டர் எரியப் போவதும் தெரியும். அலாரம் ஏன் கத்தியது என்பதும், தலை ஏன் கனத்தது என்பதும் தெரியும். அவருடைய சாவில் டெல்மருக்குச் சிறு பங்கும் கிடையாது.

இனி, இன்று முடிவானவை. என் கணவரின் வாக்குமூலம் ரத்து செய்யப்பட்டு, அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். நான் இங்கேயே வைக்கப்படுகிறேன். உடல் வியாழக்கிழமை மினசோட்டாவுக்குப் புறப்படும். சவப்பெட்டியோடு தாமும் போக வேண்டும் என்று டெல்மர் கேட்டிருப்பதாகச் சற்று முன்பு சொன்னீர்கள். அனுமதிக்கக் கூடாது என்று, காரணங்களைக் காட்டி, மூன்று முறை கேட்டுக்கொண்டேன். அது என் வாக்குமூலத்தில் சேராது என்றும், அவர் போகலாம் என்றும் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். என் ஆட்சேபத்தை இங்கே பதிவு செய்து, கையொப்பமிடுகிறேன்.