இரண்டு சாண் நகர்ந்த நாற்காலி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. வயர்லெஸ் கருவிகள் பழுதுபார்ப்பது என் தொழில். என் கணவர் குடும்ப ஆலோசகர். அவருக்குக் காது மந்தம் என்பதால், ஆலோசனைக்கு வருகிறவர் முன் சிறு வயர்லெஸ் மைக் ஒன்றை வைத்து, காதில் மாட்டிய கருவி வழியாகக் கேட்பார்.

சென்ற மாதம் பத்தாம் தேதி, புகுந்த வீட்டில் அடி தாங்காமல் கிளம்ப இருந்த ஒரு பெண், எந்தப் பஸ்ஸில் போகிறார் என்று என் கணவரிடம் சொன்னார். மறுநாள் அதே நிறுத்தத்தில் புகுந்த வீட்டார் காத்திருந்து அவரை இழுத்துப் போனார்கள். அதன் பிறகு அந்தப் பெண் போனில், "உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என் கணவர் ஆலோசனையை நிறுத்தி, அந்த அறையையே பூட்டிவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு ரகசியத்தைப் பிடுங்கப் பதினெட்டு வருடமாக என்னாலேயே முடியவில்லை. ஆகவே மைக்கைச் சந்தேகித்தேன்.

அதன் பிறகு அந்த மைக்கின் ஒலியைப் பிடிக்கும் ரிசீவருடன் தெருவில் நடந்து பார்த்ததில், அறைக்குள் என் கணவர் இருமுவதுகூட எதிர் நடைபாதை வரை கேட்டது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், இங்கே தெருவுக்கே இருந்தது. மைக்கின் சக்தியைக் குறைத்தும் போதவில்லை. அதன் பிறகு அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் இரண்டு ஆன்டெனாக்களைப் பொருத்தினேன். என் கணவரின் நாற்காலி இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று அழித்து அடங்கும். வேறெங்கிருந்து கேட்டாலும் வெறும் இரைச்சல்தான். அனுமதி பெறாமல் செய்தது என் தவறு.

அறையை மறுபடி திறந்த முதல் நாளே, "ஒரே இரைச்சலா இருக்கும்மா" என்றார். போய்ப் பார்த்தால் நாற்காலி இரண்டு சாண் தள்ளிக் கிடந்தது.

"அழறவங்க பக்கம் அது தானா நகருது, நான் என்ன பண்ண?"

"நாற்காலிக்கு இரக்கம் ஜாஸ்திதான்" என்று சொல்லி, அதன் கால்களைத் தரையோடு திருகி வைத்தேன். இப்போது எதிர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். இந்த மனிதரை என்னால் திருத்த முடியாது, திருத்தவும் மனமில்லை.

நேற்று, எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்து ரேடியோ கடைக்காரர் என்மேல் கொடுத்த புகாரை இந்தக் காவல் நிலையத்தில் வாசித்துக் காட்டினார்கள். அந்த அலைவரிசையில் முன்பு தெளிவாகக் கேட்டதாகவும், இரண்டு வாரமாகத்தான் இரைச்சல் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த அலைவரிசையில் எங்கள் அறைப் பேச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. தெளிவாக என்ன கேட்டார், யாரிடம் சொன்னார் என்று அவரை விசாரிக்க வேண்டும்.

எனக்கு என்ன தண்டனையானாலும் ஏற்கிறேன். முதலில் அந்தப் பெண்ணை அந்த வீட்டிலிருந்து அழைத்து வாருங்கள். என் கணவர் சொல்லவில்லை என்பதை நீங்களே அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பார்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)